பெரிய படகு வேண்டாம்

பீடோங்,
12-3-1978

அன்பு மகள் செலஸ்டினுக்கு அப்பா ஏசுதாசன் சொல்ல, தங்கை நவமணி எழுதுவது.

நேற்று நாங்கள் அடித்த தந்தியைக் கையில் வாங்கியதும் உனக்கு நெஞ்சு பதறியிருக்கும், அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், இங்கே யாருக்கும் எதுவும் ஆகவில்லை, அம்மாவின் முழங்கால் வலி கூடவும் இல்லை குறையவும் இல்லை, நான் வழக்கம்போல் தோட்டத்துத் துரையின் லேண்ட்ரோவரை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளை மோரிஸும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தவக்காலம் முழுக்க அம்மா செபமாலை சொல்கிறாள். பெரிய படகு வேண்டாம் என்று தந்தியில் சொன்னோம், காரணத்தை இதில் சொல்கிறேன், மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசித்துக் காட்டு.

சனவரி மாதம் நீ மூன்று பாய்ப்படகுகளின் படத்தை அனுப்பி எதை வாங்கலாம் என்று கேட்டாய். நான் கடல் படிப்புப் படித்தவன் இல்லை, ஆனால் பத்து வருஷத்தில் துரை மூன்று படகு மாற்றிவிட்டார், மூன்றையும் டிரெய்லரில் வைத்துத் தஞ்சோங் டாவாய்க்கு இழுத்துப் போய்த் தண்ணீரில் இறக்கியவன் நான்தான், நீ அனுப்பிய மூன்றும் கிட்டத்தட்ட அதே மாதிரிகள்தான். முதலாவது பதினாலு அடி, கூரை இல்லாதது, எந்தக் காரும் இழுத்துவிடும், நாலு ஆள் இருந்தால் கையாலேயே தூக்கி வைக்கலாம். ஆனால் வெயிலுக்கும் மழைக்கும் மறைவு கிடையாது, துரை அதில் யான் ஊர்க் கரைக்கு எதிரே உள்ள பீடான் தீவு வரைக்கும் போய் அன்றைக்கே நனைந்த கோழியாகத் திரும்பி வருவார், உங்கள் ஊர்க் குளிருக்கு அது ஆகாது. இரண்டாவது பதினெட்டு அடி. உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது, ஆனால் இரண்டு பேர் காலை நீட்டிப் படுக்கலாம், அடுப்பு வைத்துத் தேத்தண்ணி போடலாம், துரை அதில் இரண்டு தரம் லங்காவி போய் வந்தார். அதன் அடியில் இருக்கும் இரும்புப் பலகையை ஒரு கைப்பிடியைச் சுற்றி மேலே தூக்கிவிடலாம், அதனால் டிரெய்லரில் தாழ்வாக உட்காரும், தண்ணீர் வற்றிச் சேற்றில் மாட்டினாலும் சாயாமல் இருக்கும். மூன்றாவது இருபத்திரண்டு அடி. சௌகரியம் என்றால் அதுதான் சௌகரியம், நாலு படுக்கை, நிற்க இடம், கக்கூஸ்கூட உண்டு, லங்காவியைத் தாண்டி ஒரு வாரம் போகலாம். ஆனால் அடியில் இருப்பது வார்த்த இரும்பு, மேலே தூக்க முடியாது, டிரெய்லரில் வைத்தால் மாடி வீடு மாதிரி நிற்கும். ஒரு நாள் செமெலிங் பக்கம் ஒரு சின்ன இறக்கத்தில் அது லேண்ட்ரோவரையே பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போய் வயலில் இறக்கிவிட்டது. அன்றிலிருந்து துரை அதை ஆற்றிலேயே நங்கூரம் போட்டு வைத்திருக்கிறார், ரோட்டில் ஏற்றுவதே இல்லை. மாப்பிள்ளையின் சின்னக் காரில் அதைக் கட்டினால் இறக்கத்தில் படகுதான் காரை ஓட்டும். நான் அப்போதே இரண்டாவது என்றுதான் சொன்னேன், உனக்கு வந்த கடிதத்தில் மூன்றாவது என்று இருந்தது. அது ஏன் என்று எழுதியவளே எழுதட்டும்.

அக்கா, இதற்கு மேல் எழுதுவது நான், நவமணி. அப்பா எழுந்து போய் வெளியே வண்டியைக் கழுவுகிறார். அப்பா இரண்டாவது என்று சொன்னார், நான் மூன்றாவது என்று எழுதினேன், எழுதி முடித்து வாசித்துக் காட்டியபோது இரண்டாவது என்று வாசித்தேன். எழுத்து மாறிப்போகவில்லை, தெரிந்துதான் செய்தேன். பொறாமையில் செய்தேன்.

நீ நர்ஸ் வேலைக்குச் சீமைக்குப் போனபோது எனக்கு அழுகை வந்தது, பொறாமை வரவில்லை. உன் வெள்ளை உடுப்புப் படத்தை அம்மா சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார், லயத்து வீடுகளிலிருந்து எல்லாரும் வந்து பார்த்தார்கள், அப்போது கொஞ்சம் வந்தது, பொறுத்துக்கொண்டேன். அம்மாவின் முழங்காலால் என் படிப்பு பாரம் டூ வகுப்போடு நின்றது, அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் படகு மட்டும் என்னுடையது என்று நினைத்திருந்தேன். தஞ்சோங் டாவாய்க்கு நீ இரண்டு தரம் வந்திருப்பாய், இரண்டு தரமும் கருவாட்டு நாற்றம் என்று கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாய். அப்பா டிரெய்லரைப் பின்னால் விடும்போது தொடையளவு தண்ணீரில் நின்று கயிற்றைப் பிடித்தவள் நான். துரைசாணிக்கு வாந்தி வரும் நாட்களில் துரை என்னை ஏற்றிக்கொள்வார், நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, அவர் கையைக் காட்டுவார், நான் சுக்கானைத் திருப்புவேன், ஜெராய் மலையைப் பார்த்தே கரை எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவேன். வயதுக்கு வந்ததும் அதெல்லாம் போதும் என்று அம்மா நிறுத்திவிட்டார். மூன்று வருஷம் ஆகிறது, நான் கடலைப் பார்க்கவில்லை.

நீ சனவரியில் எழுதிய கடிதத்தின் கடைசியில், நவா, காற்று எந்தப் பக்கம் அடித்தால் பாயை எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும், நீ இங்கே வந்தால் உனக்கும் சொல்லித்தருகிறேன் என்று எழுதியிருந்தாய். எனக்கு நீ சொல்லித்தரப் போகிறாய் என்று வாசித்ததும் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. பெரியதை வாங்கினால் உங்களால் இழுக்க முடியாது, அது வீட்டு வாசலிலேயே கிடக்கும், நீயும் என்னை மாதிரி கடலுக்குப் போகாமல் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாய் என்றுதான் நினைத்தேன். உங்களுக்கு அடிபட வேண்டும் என்று நினைக்கவே இல்லை, மாதா மேல் சத்தியம். அத்தான் அதைத் தன் சின்னக் காரிலேயே கட்டி இழுக்கத் துணிவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை உன் பதில் வந்தது. அப்பா சொன்னபடியே பெரியதற்குப் பேசிவிட்டோம், ஈஸ்டருக்கு முதல் நாள் நாங்களே காரில் கட்டி இழுத்து வருகிறோம் என்ற இடம் வந்ததும் அந்த இரண்டு வரியைத் தாண்டி வாசித்தேன். கூட இருந்த போட்டோவை மறைக்கத் தோன்றவில்லை. அம்மா மருமகன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார், அவர் கையிலிருந்து அப்பா வாங்கினார். அத்தான் முகத்தை அப்பா பார்க்கவில்லை, படகின் அடியைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற காரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“எழுத்துதான்டி எனக்குத் தெரியாது,” என்றார். “போட்டைத் தெரியும்லா.”

அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. மறுநாள் காலையில் மோட்டார் சைக்கிளில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பீடோங் போஸ்டாபீசுக்குப் போனார். தந்தித் தாளை நீட்டிய குமாஸ்தா சாவுச் செய்தியா என்று கேட்டார், அப்பா இதுவரைக்கும் இல்லை என்றார். அந்தச் சொல் என் காதிலேயே நிற்கிறது.

இதுவரை எழுதியதை அப்பாவைக் கூப்பிட்டு முழுவதும் வாசித்துக் காட்டினேன், இந்தத் தரம் தாளில் இருக்கிறபடியே வாசித்தேன். பொறாமை என்ற இடத்தை அடித்துவிடட்டுமா என்று கேட்டேன். இருக்கட்டும், அவளும் தெரிந்துகொள்ளட்டும் என்றார். பிறகு அவர் சொல்லச் சொன்னவை: பதினெட்டு அடிப் படகு கிடைத்தால் வாங்குங்கள், கிடைக்காவிட்டால் அடுத்த வருஷம் வாங்கலாம், கடல் எங்கேயும் போகாது. தூரம் ஓட்டிப் போனதும் டிரெய்லரை உடனே தண்ணீரில் இறக்காதீர்கள், சக்கரம் சூடாக இருக்கும்போது உப்புத் தண்ணீர் பேரிங்குக்குள் போய்விடும், அரை மணி நேரம் எங்காவது உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டு இறக்குங்கள், திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். தந்தி கிடைத்தது, பெரியதை நிறுத்திவிட்டோம் என்று மறக்காமல் தந்தியிலேயே பதில் அடிக்கவும், அதுவரை எங்களுக்குத் தூக்கம் இல்லை. மாதா உங்கள் இருவரையும் கரையிலும் கடலிலும் காப்பாற்றுவாளாக.

இப்படிக்கு உன்னை என்றும் நினைத்திருக்கும் அப்பா,
ஏசுதாசன்

அக்கா, இனி உன் கடிதங்களைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்து சுப்பிரமணியம் வாத்தியார்தான் வாசிப்பார் என்று அப்பா சொல்லிவிட்டார், நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளலாமாம். அதனால் எனக்கென்று எழுதுவது இருந்தால் தனித் தாளில் எழுதி என் பேரைப் போடு. திட்டி எழுதினாலும் பரவாயில்லை. பதினெட்டு அடிப் படகில் போனால் அதையும் எழுது, வாசித்தால் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும், ஆனாலும் எழுது.

நவமணி