பன்னிரண்டாவது ஆள்

இராயபுரம்,
12-11-1951

அன்புள்ள காஜா மொய்தீனுக்கு,

கஸ்பார் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நாங்கள் எல்லாரும் சுகம். நீயும் தங்கச்சி அஜீசுன்னிசாவும் எப்படி இருக்கிறீர்கள்? காத்திவாக்கத்தில் இறால் வியாபாரம் தொடங்கியதும் என்னை அடியோடு மறந்துவிட்டாய். வாரம் தவறாமல் பட்டணத்துக்கு இறால் கொண்டு வருகிறவன், என் வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் நிற்கக்கூடாதா?

ஒரு சங்கதி. என்னைச் சட்டசபைத் தேர்தலில் நிற்கச் சொல்கிறார்கள். செலவெல்லாம் மொத்த வியாபாரி உச்சிமாகாளி அண்ணாச்சியுடையது. "நாப்பத்திரெண்டுல ஜப்பான்காரன் கப்பல முக்குனப்ப, ஒம்பது நாள் படகுல கிடந்து பத்துப் பேரக் கரைசேத்த ஆளு இந்த ஊர்ல வேற யாருய்யா இருக்கான்?" என்கிறார். அன்று பத்திரிகையில் வந்த என் படத்தைப் பெரிதாக்கித் தெருவெல்லாம் ஒட்டிவிட்டார்கள். கப்பல் கலாசிக்கு வந்த வாழ்வைப் பார்!

அந்தப் பத்துப் பேரில் இங்கே இருப்பவன் நீ ஒருவன்தான். மேடையேறி நாலு வார்த்தை பேச வேண்டும். மறுக்காதே.

உன் தோஸ்து,
கஸ்பார்


காத்திவாக்கம்,
20-11-1951

அன்பு கஸ்பாருக்கு,

காஜாவின் ஸலாம். அல்லாஹ்வின் காவலில் இருக்கிறோம். உன் கடிதத்தைப் படித்துச் சந்தோஷப்பட வேண்டியவன், பயந்துபோய் அதை மடித்து அரிசிப் பானைக்குள் வைத்தேன்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. படகில் எத்தனை பேர் ஏறினீர்கள், மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டால் போதும். ஒன்பது வருஷமாக நீ சொன்னதைத்தான் நானும் சொல்லி வருகிறேன். ஒலிபெருக்கி முன்னால் அது என் வாயில் வராது. நிற்காதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. என்னை மட்டும் விட்டுவிடு.

காஜா மொய்தீன்


இராயபுரம்,
14-12-1951

அன்புள்ள காஜாவுக்கு,

நீ கூச்சப்படுகிறாய் என்றுதான் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அப்படியா? நான் பாத்துக்கிடுதேன்" என்றார். என்ன பார்க்கப்போகிறார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. விலகிவிடலாமா என்று லேசாகப் பேச்செடுத்தேன். "இனிமே எறங்க முடியாதுடே" என்றார்.

இன்னொன்று. தண்டையார்பேட்டையில் பீடி சுற்றிப் பிழைக்கும் ரசூல் பீவியை, நம்மோடு கப்பலில் இருந்த தாவூதின் பெண்சாதியை, கூட்டத்துக்கு அழைத்து வரப்போகிறார்களாம். போரில் புருஷனைப் பறிகொடுத்தவள் மேடையில் எனக்கு மாலை எடுத்துக் கொடுப்பாளாம். எனக்குச் சோறு இறங்கவில்லை.

கஸ்பார்


காத்திவாக்கம்,
22-12-1951

கஸ்பாருக்கு,

நேற்று ரெண்டு பேர் காரில் வந்தார்கள். நான் இல்லை. அஜீசுன்னிசா முன்னால் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்து, "ஒம் புருசன் நல்லாருக்கணும்னா வாய மூடிக்கிட்டு இருக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. "இன்னா பண்ணிட்டு வந்த நீ? சொல்லு" என்று அழுகிறாள். அவர்களை அனுப்பியது நீயா?

தாவூது கப்பல் வெடித்தபோதே போய்விட்டான் என்று பத்திரிகைக்காரனிடம் சொன்னாய். அவன் நீந்தி வந்தான், கஸ்பார். படகின் விளிம்பைப் பிடித்தான். நாம் பதினோரு பேர். தண்ணீர் விளிம்பு வரை நின்றது. "இன்னொருத்தன் ஏறினா எல்லாரும் சாவோம்" என்று கத்தியவன் நான். துடுப்பால் அவன் விரல்களில் அடித்தவன் நீ. மூன்று அடி. நீ அன்று திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

அந்தப் பெண் கையால் மாலை வாங்காதே. வாங்கப்போகிறாய் என்றால், அதற்கு முன் நான் போய் அவளிடம் சொல்லிவிடுவேன்.

காஜா


24-12-1951

காஜா,

நான் அனுப்பவில்லை. என் பிள்ளைகள் மேல் சத்தியம். அவர்களைப் பார்த்தால் எனக்கும் பயம். அவளிடம் சொல்லாதே. தேர்தல் முடியட்டும், நானே போய்ச் சொல்கிறேன். உன் காலில் விழுகிறேன்.

கஸ்பார்


இராயபுரம்,
11-2-1952

அன்புள்ள காஜாவுக்கு,

நான் ஜெயித்தது உனக்குத் தெரிந்திருக்கும். இதற்குப் பதில் எழுதாதே. எனக்கு வரும் தபாலை இப்போது அண்ணாச்சியின் ஆட்கள்தான் பிரிக்கிறார்கள். இதை நானே தபால்பெட்டியில் போட்டு வருவேன்.

கூட்டத்தன்று ரசூல் பீவி மாலையை எடுத்துக் கொடுத்தாள். முக்காட்டை இழுத்துவிட்டபடி தலையைக் குனிந்தே நின்றாள். நீ சொல்லவில்லை என்று நினைத்து உன்னை மனதுக்குள் வாழ்த்தினேன்.

நேற்றுக் காலை மனு கொடுக்க வந்தவர்களோடு அவளும் வந்தாள். கையில் மனு இல்லை. வாசலில் நூறு பேராவது இருப்பார்கள். அண்ணாச்சி என் பக்கத்து நாற்காலியில். அவள் எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள்: "என் வூட்டுக்காரரு எப்டி போனாரு? நீங்க கண்ணால பாத்தவரு. உங்க வாயால ஒரு தபா சொல்லுங்க."

தேர்தல் முடிந்தால் நானே சொல்கிறேன் என்று உனக்கு எழுதியிருந்தேனே! அவளே வந்து நிற்கிறாள். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். வாசல் முழுக்க என்னைப் பார்த்தது.

"கப்பல் வெடிச்சப்பவே போய்ட்டாரும்மா. வலிகூட தெரிஞ்சிருக்காது" என்றேன்.

அவள் கிட்டே வந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி பேசினாள். "மாலைய எடுத்துக் குடுத்தப்பவே எனக்குத் தெரியும். காஜா பாய் அதுக்கு முன்னாடியே வந்து அழுதுட்டுப் போனாரு. கூட்டத்தன்னிக்கி ரெண்டு பேரு என் வூட்டு வாசல்ல நின்னுகினு இருந்தாங்க, அதான் மேடைக்கு வந்தேன். இன்னிக்கி யாரும் கூப்பிடல. நீங்க இன்னா சொல்றீங்கன்னு பாக்க வந்தேன்."

போய்விட்டாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அண்ணாச்சி என் தோளைத் தட்டினார்.

அடுத்தவரை வரச் சொல்லுங்கள் என்றேன். என் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை, காஜா. அதை நினைத்துத்தான் பயமாக இருக்கிறது.

கஸ்பார்