முதல் பக்கத்தில் என் பெயர் வேண்டாம்

3.6.2009

அன்பு மகள் உமாதேவிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் அண்ணன் வீட்டாரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். நீ அந்த வெளிநாட்டு ஊர்க் காற்றில் சைக்கிளில்தான் காலேஜுக்குப் போய் வருகிறாய் என்று அம்மா சொன்னாள், காதை மூடிக்கொண்டு போ, உனக்குச் சின்ன வயதிலேயே காதுவலி வரும். ஞாயிற்றுக்கிழமைதானே போனில் பேசினோம், அதற்குள் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசும்போது அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், அதுவுமில்லாமல் இதை வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உன் சட்ட ஆராய்ச்சி புத்தகமாக அச்சாகப் போகிறது, முதல் பக்கத்தில் ‘நியாயம் என்றால் என்னவென்று எனக்குக் காட்டித்தந்த அப்பாவுக்கு’ என்று போடப்போகிறேன் என்று சொன்னாயே, அது வேண்டாம் ஆத்தா. அச்சுக்குப் போவதற்குள் என் பெயரை எடுத்துவிடு. ஏன் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்ப எழுதுகிறேன்.

மேகமலைப் பக்கம் நன்றாக மேகம் கட்டுகிறது, ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டால் நாற்றுப் பாவ வேண்டும். செவலை மாடு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. உன் அண்ணன் சுரேஷ்கண்ணன் மகளுக்கு ஆவணியில் நம் அம்மன் கோயிலில் காது குத்துவதாக நாள் பார்த்து வைத்திருந்தோம், அது இப்போது நடக்குமா என்று தெரியவில்லை. அதற்கும் காரணம் இருக்கிறது. வாய்க்காலுக்கு மேற்கே திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் கருத்தக்கண்ணனை உனக்குத் தெரியும், அவன் பெண்டாட்டி மாயக்காளும் உன் அம்மாவும் தேவதானப்பட்டியிலிருந்து இங்கே வாழ வந்தவர்கள். அவன் மகன் தங்கபாண்டி திருப்பூரில் இருந்துகொண்டு, கோயில் மண்டபம் கட்டுகிற இடத்தில் தன் பாட்டன் இடமும் சேர்ந்திருக்கிறது என்று கேஸ் போட்டுத் தடை வாங்கிவிட்டான். மண்டபம் வெறும் தூணோடு நிற்கிறது. ஊருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பையன் கையில் சிக்கவில்லை, பங்குனியில் கூட்டம் போட்டு அப்பனைக் கூப்பிட்டோம். அவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பய செஞ்சதுக்கு நான் என்னய்யா செய்வேன், எம் பேச்ச அவன் கேக்குறதே இல்ல, எனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லய்யா என்று கும்பிட்டான். பெரியவர்கள் என்று உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன். மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போது நான்தான் முந்திக்கொண்டு, பெத்தவன் நீதானப்பா, ஒனக்குச் சம்பந்தம் இல்லாம பெறகு யாருக்கு என்று கேட்டேன். கூட்டம் சிரித்தது, எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாக, இனிமேல் அவன் வீட்டில் தலைக்கட்டு வரி வாங்குவதில்லை என்று நாட்டாமை வீரணன் சொல்லி முடித்துவிட்டார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும், உன் வாத்தியார்கள் கேட்டால் நீதான் சொல்ல வேண்டும். யாரையும் அடிப்பதில்லை, வீட்டைக் கொளுத்துவதில்லை. திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு கொடுக்கிற வரியை அந்த வீட்டுக்காரன் நீட்டினால் வாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வது, அவ்வளவுதான். அன்றைக்கிலிருந்து அந்த வீட்டுக்குக் கடையில் சாமான் கிடையாது, தோட்டத்துக்கு ஆள் கிடையாது, நல்லது கெட்டதுக்கு ஒருத்தரும் வாசல் மிதிக்க மாட்டார்கள்.

இதெல்லாம் ஆன பிறகுதான் உன் கட்டுரை ஒன்று அச்சான பத்திரிகை தபாலில் வந்தது. உன் பெயரை இங்கிலீஷ் எழுத்தில் தடவித் தடவிப் பார்த்தேன். சும்மா இருந்திருக்கலாம், இருக்க முடிந்தால்தானே! சித்திரைக் கடைசியில் திருவிழாவுக்காகக் கூடிய கூட்டத்துக்கு அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய், ஞானபாக்கியம் டீச்சரை மைக்கில் விளக்கச் சொன்னேன். டீச்சர் வரிவரியாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள், யுத்தத்துலகூட ஒருத்தன் செஞ்சதுக்கு அவன் குடும்பத்தையோ ஊரையோ சேத்துத் தண்டிக்கக் கூடாதாம், தான் செய்யாத குத்தத்துக்கு யாரும் தண்டனை வாங்கக் கூடாதுன்னு ஜெனீவாவுல எழுதி அறுபது வருசமாச்சு, ஆனா ஹேக்குல இருக்குற உலகக் கிரிமினல் கோர்ட்டு விசாரிக்கிற குத்தங்கள்ல அதத் தனியாச் சேக்காம விட்டுட்டாக, ஏன் விட்டாக, சேத்தா என்னன்னு நம்ம உமா எத்தனையோ தீர்ப்பப் படிச்சு எழுதியிருக்கா என்று. ஆப்பிரிக்காவில் ஒரு ஊரில் கலகக்காரனுக்குச் சோறு போட்டதாகச் சொல்லி ஊரையே வளைத்துச் சாமான் போகவிடாமல் செய்த கதையும் அதில் இருந்ததாம். கூட்டமே ச்சே, மனுசங்களா அவனுக என்றது. இலங்கைச் செய்தி வந்த நாளெல்லாம் டீக்கடையில் பேப்பரைப் பார்த்துக் கண்கலங்கியவர்கள்தான் அத்தனை பேரும். டீச்சர் சொல்லச் சொல்ல எனக்குக் கருத்தக்கண்ணன் கும்பிட்டு நின்றது ஞாபகத்துக்கு வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வீரணன் எழுந்து ஊர் சார்பில் என் தோளில் துண்டு போட்டார், அதோடு அதுவும் மறந்துவிட்டது.

பெண்கள் பக்கம் உட்கார்ந்து அம்மாவும் கேட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும், எம் மக எழுதுனதுக்குத் துண்டு வாங்கிட்டு வந்தீகளே, அவ என்ன எழுதியிருக்கான்னு ஒங்க காதுல விழுந்துச்சா என்று மட்டும் கேட்டாள். சாப்பாட்டை எடுத்து வை என்றேன். கருத்தக்கண்ணன் தோட்டத்தில் பழம் முற்றிப் பந்தலிலேயே வெடித்து, குளவி மொய்த்துக்கொண்டிருந்தது. அறுக்க ஆள் இல்லை, லாரிக்காரனும் வரவில்லை. அடுத்த வாரம் அம்மா கத்தரிக்கோலை எடுத்து மடியில் செருகிக்கொண்டு அந்தத் தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டாள். நான் குதித்தேன். பேத்திக்குக் காது குத்த வேண்டாமா, ஊரில் தலை காட்ட வேண்டாமா என்று கத்தினேன். சுரேஷும் அவன் பங்குக்குக் கத்தினான். திராச்ச எந்தக் கோர்ட்டுலய்யா கேஸ் போட்டுச்சு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பட்டப்பகலில், எல்லாரும் பார்க்கத்தான் போனாள். அவளும் மாயக்காளும் அறுத்த பழத்தை உத்தமபாளையத்துக்குக் கொண்டுபோய் ரோட்டோரம் வைத்து விற்றார்களாம்.

போன வெள்ளிக்கிழமை வரி வாங்குகிற நாள். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு எப்போதும்போல முதல் ஆளாகப் போனேன். நீட்டினேன். வீரணன் கையை நீட்டவில்லை. நல்லகண்ணண்ணே, ஒங்க வீட்டு வரியும் இந்த வருசம் வேணாம்ணே என்றார். அப்போது என் வாயில் என்ன வந்தது தெரியுமா? அவ செஞ்சதுக்கு நான் என்னய்யா செய்வேன், எம் பேச்ச அவ கேக்குறதே இல்ல, எனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அப்படியே வந்தது. வீரணன் யோசிக்கக்கூட இல்லை, கட்டுனவரு நீங்கதானண்ணே, ஒங்களுக்குச் சம்பந்தம் இல்லாம பெறகு யாருக்கு என்றார். கூட்டம் சிரித்தது. அதே சிரிப்பு. அந்தநேரம் பார்த்துக் கருத்தக்கண்ணன் ரோட்டில் புல்லுக்கட்டோடு போய்க்கொண்டிருந்தான், அவனுக்கும் கேட்டிருக்கும். அவன் சிரித்திருந்தால்கூடத் தேவலை, தலையைக் குனிந்துகொண்டு போனான்.

அதோடு திரும்பி வந்திருந்தால் பாதி மானமாவது மிஞ்சியிருக்கும். நான் வரவில்லை. வேணும்னா தண்டனைய அவளோட நிறுத்திக்கங்க, என்னையும் எம் மகனையும் விட்ருங்க என்று கெஞ்சினேன். உன் சட்டப்படி பார்த்தால் நான் கேட்டது சரிதான், செய்தவளை மட்டும்தானே தண்டிக்கச் சொன்னேன் என்று வீடு வரும் வழியெல்லாம் எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். அவ செஞ்சது குத்தமே இல்லய்யா என்று ஏன் ஒரு வார்த்தை வரவில்லை ஆத்தா? உன்னைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்துக்கொண்டு நியாயம் பேசப் போன அதே கோயில் வாசலில், உன்னைப் பெற்றவளைக் கைகாட்டிவிட்டுத் தப்பிக்கப் பார்த்தேன். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. நான் கெஞ்சியது அம்மாவுக்குத் தெரியாமல் இருக்காது, நம் ஊரில் எது மறைந்தது? ஆனால் கொளம்பு சட்டியில இருக்கு, போட்டுச் சாப்பிடுங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறாள். கேட்டுத் திட்டியிருந்தால் நான் நிமிர்ந்திருப்பேன். அந்தத் துண்டு கொடியிலேயே கிடக்கிறது, எடுத்து மடிக்கக் கை வரவில்லை.

அதனால் மறக்காமல் என் பெயரை எடுத்துவிடு. வேறு யார் பெயரைப் போடுவது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அண்ணன் போன் செய்து அம்மாவைக் கண்டிக்கச் சொல்லுவான், கேட்டுக்கொள், கண்டிக்காதே. பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் இந்த வாரம் பார்சல் போடுகிறேன், அரை வயிற்றோடு உட்கார்ந்து படிக்காதே. நீ எடுத்த காரியம் முடிந்து, நாலு பேர் மதிக்க, நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்து வீட்டிலிருந்தே கும்பிட்டுக்கொள்கிறேன், உள்ளே போக எனக்கு முகம் இல்லை.

அம்மா இன்றைக்கும் காலையிலேயே தோட்டத்துக்குப் போய்விட்டாள், சோறு எடுத்துப் போகவில்லை. அவளுக்கும் மாயக்காளுக்கும் ஆகிற மாதிரி சோறும் குழம்பும் தூக்குவாளியில் போட்டுப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். தபால்பெட்டி கோயில் வாசலில் இருக்கிறது, இந்நேரம் அங்கே வீரணனும் ஆட்களும் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைத் தாண்டித்தான் தோட்டத்துக்குப் போக வேண்டும். கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிடுவேன், அது நிச்சயம். அதற்கு மேல் நடந்தேனா, வாளியோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டேனா என்று அடுத்து பேசும்போது அம்மாவிடம் கேட்டுக்கொள். என்னிடம் கேட்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா
நல்லகண்ணு