புகையே இல்லாத வண்டி

மே 18, ஞாயிறு

எழுதவே கூச்சமாக இருக்கிறது. லாட்ஜில் கொடுத்த டைரி, பாதிக்கு மேல் சும்மா கிடக்கிறதே என்று எழுதுகிறேன்.

வீட்டுப் பின்பக்கம் சாக்கை விரித்து என் பழைய ஆர்.எக்ஸ். பைக்கின் எஞ்சினைப் பிரித்தேன். பழைய பிஸ்டனைக் கழற்றும்போது, அதன் பின்னைப் பிடித்து வைத்திருக்கும் கம்பி வளையம் தெறித்தது. நகத்தளவு சாமான். உலகத்தில் எவ்வளவோ இடம் இருக்க, நேராக எஞ்சினின் திறந்த வாய்க்குள்ளேயே போய் விழுந்தது. டார்ச் அடித்தேன். தூக்கிக் கவிழ்த்துக் குலுக்கினேன். இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

என் வீட்டுக்காரி சங்கரேஸ்வரி தையல் மிஷினை விட்டு எழுந்து வந்தாள். குண்டூசி பொறுக்கும் காந்தத்தை நூலில் கட்டி உள்ளே விட்டாள். இரண்டாவது தடவை விட்டதில் வளையம் ஒட்டிக்கொண்டு வந்தது.

"வாய்ல துணிய அடைக்காமயா இந்த வேலையப் பாக்குதிய?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

பக்கத்து வீட்டு ஜெபஸ்டின் அண்ணாச்சி மதிலுக்கு மேலாக எட்டி நின்று முழுப் படமும் பார்த்திருக்கிறார். குத்துக்கல்வலசை ஊர் முழுக்க இந்நேரம் தெரிந்திருக்கும்.

மே 21

மகள் அகிலாண்டேஸ்வரி கோயம்புத்தூரில் போலீஸ். ஜூன் கடைசியில் நாலு நாள் லீவு கிடைக்கும், வந்தால் நம்ம வண்டியில்தான் ஐந்தருவிக்குப் போவேன் என்றிருக்கிறாள். அவளுக்கு அதில் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். 'எங்கப்பாவுக்குத் தெரியாத வண்டியே கிடையாது' என்று கூட வேலை பார்ப்பவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறாள். நான் மறுத்ததில்லை. பத்தாம் வகுப்போடு நின்ற குற்றாலத்து லாட்ஜ் மேனேஜருக்கு வேறென்ன பட்டம் இருக்கிறது?

சிலிண்டரைத் தென்காசியில் லேத்துப் பட்டறையில், தேய்ந்த உள்சுவரைக் கடைந்து போர் போடக் கொடுத்தாயிற்று.

மே 29

சிலிண்டர் வந்தது. புதுப் பிஸ்டனில் ரிங் மாட்டினேன். ஒன்று ஒடிந்தது. அடுத்த செட் வாங்கி வந்து மாட்டினேன். மறுபடி ஒன்று.

மூன்றாவது செட்டைச் சங்கரி கையில் வாங்கிக்கொண்டாள். ரிங்கின் இரண்டு முனையும் சின்ன ஆணியில் வந்து உட்கார வேண்டும். கொக்கி தைப்பது மாதிரி உட்கார வைத்தாள். பிஸ்டன் மேலுள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் இருக்கணும் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அந்தப் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். எப்படித் தெரியும் என்றால், செல்போனில் பார்த்தாளாம்.

எஞ்சினுக்குள் நேரம் பார்த்துப் பொறி விடுகிற பிளாட்டினத்தையும் அவளே வைத்தாள். ஊசி கீழே இறங்கும் நேரத்துக்கு அடியில் ஷட்டில் வந்து நூலைப் பிடிக்கவில்லை என்றால் தையல் விழாது, அதே கணக்குதான் இதுவும் என்றாள். இருபத்தெட்டு வருஷமாக இந்த வண்டியை ஓட்டுகிறேன். எனக்கு யாரும் இப்படிச் சொன்னதில்லை. எனக்கும் தோன்றியதில்லை.

சந்தோஷப்பட வேண்டியதுதானே? பட்டேன். கொஞ்சம்.

ஜூன் 3

அகிலா போன். வழக்கமாக 'அப்பா, வண்டி எப்படி இருக்கு' என்பாள். இன்று, "அப்பா, அம்மாட்ட குடுங்க, பிளாட்டினம் கேப் எவ்வளவு வச்சாங்கன்னு கேக்கணும்." இருபத்தேழு நிமிஷம் பேசினார்கள். நான் கடிகாரம் பார்க்கவில்லை. தற்செயலாகக் கண்ணில் பட்டது.

ஜூன் 8, ஞாயிறு

சாரல் தொடங்கிவிட்டது. லாட்ஜில் ரூம் இல்லை என்று சொல்லியே தொண்டை போயிற்று.

வீட்டுக்கு வந்தால், ஜாக்கெட் தைக்கக் கொடுத்த சுல்தான் பீவி வாசலில் நிற்கிறாள், மகனுடைய ஸ்கூட்டரோடு. ஸ்டார்ட் ஆகவில்லையாம். என்னைப் பார்த்ததும், 'சங்கரி இல்லையா?' என்று கேட்டாள். நான் என்ன, கதவா? சங்கரி வந்து பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினாள், ஓடியது.

ஜெபஸ்டின் அண்ணாச்சி மதிலுக்கு மேலிருந்து, "என்ன வே, இனிமே உம்ம மெக்கானிக் வீட்டுக்காரர்னுதான் கூப்பிடணும்போல" என்றார்.

சிரித்தேன். பல் மட்டும் சிரித்தது.

கட்டின பெண்டாட்டி மேல் பொறாமைப்படுகிறவனை என்னவென்று சொல்வது? அதற்கும் ஒரு பட்டம் இருக்கும். அதில் நான்தான் முதல் மார்க் வாங்குவேன்.

ஜூன் 15, ஞாயிறு

இதை எழுதிவிட வேண்டும்.

இந்த வண்டியில் எண்ணெய்க்குத் தனி டப்பா உண்டு. பம்பு அதிலிருந்து எண்ணெயை இழுத்து எஞ்சினுக்குக் கொடுக்கும். பம்பை நம்பாதே என்று எட்டு வருஷம் முன்னால் யாரோ சொன்னார்கள் என்று, அந்தக் குழாய்க்குள் ஒரு பால்ரஸ் குண்டைப் போட்டு அடைத்துவிட்டேன். அன்றிலிருந்து டேங்க் பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்துதான் ஓட்டினேன். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. டப்பாவில் எண்ணெய் சும்மா நிறைந்து நிற்கும்.

இன்று எஞ்சினைச் சட்டத்தில் ஏற்றி எல்லாம் பூட்டியாகிவிட்டது. சங்கரி டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"எண்ணெ நிறைய இருக்கு. பம்பு இழுத்துக்கிடும். டேங்க்ல வெறும் பெட்ரோல் போதும்லா?"

அப்போதுதான் அகிலாவிடம் பேசி முடித்திருந்தாள். 'அம்மா, நீ என் யூனிட்டுக்கு வந்திரு' என்று பிள்ளை சொன்னது எனக்கும் கேட்டது.

"உனக்குத் தெரியாததா" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன்.

வண்டி கொஞ்சம் முரண்டு பிடிக்கட்டும். அகிலா வந்திருக்கும்போது நான் போய், என்ன கோளாறு என்று ஒரே நிமிஷத்தில் சொல்லிக் காட்டுவேன். அதற்குள் யாரும் ஓட்டப் போவதில்லையே. போவதில்லை.

ஜூன் 22, ஞாயிறு

மூன்றாவது உதையில் எழுந்தது. மாட்டும்போது தடவிய எண்ணெய் கொஞ்ச நேரம் புகைந்து அடங்கியது. அப்புறம் சுத்தம்.

"புகையே இல்ல வே," என்றார் ஜெபஸ்டின் அண்ணாச்சி. "ஷோரூம் வண்டி தோத்துப் போகும். சங்கரி, கையக் குடு தாயி."

எண்ணெய் போகும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் எப்படியும் கொஞ்சம் புகைவிடும்; புகையே இல்லை என்றால் எண்ணெயே போகவில்லை. அந்த இடத்தில் அதைத் தெரிந்தவன் நான் ஒருவன். வாயைத் திறந்தேன். வீடியோ காலில் அகிலா, 'அம்மா, செம' என்று கை தட்டினாள். மூடிக்கொண்டேன். வண்டியை மட்டும் போய் அணைத்தேன், பெட்ரோல் வீண் என்று சொல்லி.

ஜூன் 26

அகிலா வந்துவிட்டாள். எண்ணெய் பாட்டில் ஒன்று வாங்கி என் பைக்குள் வைத்திருக்கிறேன். நாளை மத்தியானம் லாட்ஜிலிருந்து வந்து டேங்கில் ஊற்றிவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை. சொல்லிக் காட்டுகிற ஆசையெல்லாம் போய்விட்டது.

ஜூன் 27

காலையில் மூன்று வேன் கூட்டம். நகர முடியவில்லை. பதினொன்றரைக்குப் போன்.

நான் வருவதற்குள் அகிலா வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறாள். இலஞ்சி தாண்டி, எண்ணெய் இல்லாமல் எஞ்சின் இறுகிப் பின்சக்கரம் அப்படியே நின்றிருக்கிறது. சாரல் ரோடு — வழுக்கி — பின்னால் வந்த வேன்காரன் சமயத்தில் பிரேக் அடித்துவிட்டான். அடித்துவிட்டான். அதையே எத்தனை தடவை எழுதுவேன்.

முழங்கை, முழங்கால் தோல் போயிருக்கிறது. எலும்புக்கு ஒன்றுமில்லை. ஹெல்மெட் போட்டிருந்தாள். "எனக்கு ஒண்ணுமில்லப்பா, வண்டிக்குத்தான்" என்றாள். பாட்டில் என் பைக்குள் இருந்தது.

என்னலே மனுசன் நீ.

ஜூன் 28

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சங்கரி குளிக்கக்கூடப் போகாமல் உட்கார்ந்து பிரித்தாள். சிலிண்டர் முழுக்கக் கோடு கோடாகக் கிழிந்திருந்தது. விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"ரிங்க நாந்தான் தப்பா மாட்டியிருக்கேன்" என்றாள்.

அவள் உள்ளே போன பிறகு குழாயைக் கழற்றிக் குண்டைத் தட்டி எடுத்தேன். சாக்கடையில் போட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

அகிலாவைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். கையில் கட்டோடு ஜன்னலோரம் உட்கார்ந்து சொன்னாள்:

"அப்பா, இனிமே நீங்களே பாருங்க. அம்மா ஆசைக்குச் செஞ்சாங்க, சரி. உங்க கை மாதிரி வருமா?"

ஒரு மாதமாக இதைக் கேட்கத்தான் காத்துக் கிடந்தேன். கேட்டாயிற்று. பஸ் போன பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

ஜூலை 6

சிலிண்டர் மறுபடி லேத்துக்குப் போயிருக்கிறது. ரிங் மாட்ட வாயேன் என்று சங்கரியை முன்கூட்டியே கூப்பிட்டு வைத்தேன். அளவு ஜாக்கெட் வந்து குவிந்து கிடக்கிறது என்றாள். குவிந்தெல்லாம் இல்லை, இரண்டுதான்.

ஜூலை 9

சுல்தான் பீவி ஸ்கூட்டரோடு வந்தாள். "எனக்கென்ன தெரியும் பீவி, அவுககிட்டக் கேளுங்க" என்று சொல்லிவிட்டுச் சங்கரி தலை நிமிராமல் தைத்தாள்.

ஜூலை 20, ஞாயிறு

நானே மாட்டினேன். ரிங் ஒடியவில்லை. செல்போனில் அவள் பார்த்த அதே வீடியோவை நாலு தடவை பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். முதல் உதையிலேயே எழுந்தது. ஐந்தருவி வரை போய்த் திரும்பினேன், ஒரு குறை இல்லை.

என்ன இருந்தாலும் ஆம்பளை கை ஆம்பளை கைதான் என்றார் ஜெபஸ்டின் அண்ணாச்சி. அகிலா போனில் என்னிடமே இருபது நிமிஷம் பேசினாள். அம்மாவைக் கேட்கவில்லை.

கை கழுவ சங்கரி சோப்பும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள். நான் தேய்த்து முடிக்கும் வரை நின்றாள்.

"மொதல்லயே உங்கள விட்டிருந்தா பிள்ள விழுந்திருக்க மாட்டா. தெரியாத வேலைல நான் கைய வச்சிட்டேன்."

அதெல்லாம் ஒன்றுமில்லை, விடு என்றேன்.

சொல்லாமல் விட்டது இது: சங்கரி, நீ மாட்டியதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. வெறும் பெட்ரோல் போதுமா என்று நீ கேட்டபோதே, போதாது என்று எனக்குத் தெரியும்.