எலும்புத் தேர்வும் உன் அட்டைகளும்

டூலூத்,
டிசம்பர் 16

அன்பு மகள் பிரிட்டாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் பூனையும் சுகம், ஏரி ஓரமாக உறைய ஆரம்பித்துவிட்டது, கார் மட்டும் காலையில் முனகிக்கொண்டே கிளம்புகிறது. போர்ட்லாண்டு மழையும் பேக்கரி வேலையும் உனக்கு ஒத்துக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். போனில் நான் எப்படிப் பேசுவேன் என்று உனக்குத் தெரியும், அதனால்தான் கடிதம்.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். போன ஜனவரியிலிருந்து நான் கல்லூரிக்குப் போகிறேன். சிரிக்காதே. நர்சிங்கில் சேர வேண்டுமானால் முதலில் உடற்கூறியல், வேதியியல், நுண்ணுயிரியல் என்று வரிசையாகத் தேற வேண்டுமாம். நீ பிறப்பதற்கு முன் நான் தேறிய வேதியியலைக் காட்டினேன், அலுவலகப் பெண் பார்த்துவிட்டு, இதெல்லாம் ஏழு வருஷந்தாங்க செல்லும், காலாவதியாயிடுச்சு என்றாள். படித்த படிப்பு என்ன பால் பாக்கெட்டா? சரி என்று உடற்கூறியலில் ஆரம்பித்தேன். இருபத்திரண்டு வருடமாக முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கி, குளிப்பாட்டி, உடுத்திவிடுகிறவளுக்கு எலும்பு தெரியாதா என்ற திமிரோடு போனேன். எலும்புத் தேர்வு எப்படி என்று உனக்குத் தெரியும், நாற்பது மேசை, மேசைக்கு ஒரு எலும்பு, பெயர் எழுத ஒரு நிமிடம், மணி அடித்தால் நகர வேண்டும். ஏழாவது மேசையில் முழித்துக்கொண்டு நின்றேன், எட்டாவதின் விடையை ஏழாவது வரியில் எழுதினேன், கடைசிவரை ஒரு வரி தள்ளியே எழுதிவிட்டேன். நாற்பதுக்கு ஆறு. உன்னைவிடச் சின்னப் பெண் ஒருத்தி, பரவாயில்லம்மா, அடுத்த தடவை பாத்துக்கலாம் என்று தோளைத் தட்டினாள். காரில் உட்கார்ந்து அழுதேன். அதோடு அந்தப் பாடமே போயிற்று. ஒரு பாடத்தை இரண்டு முறைதான் எடுக்க விடுவார்கள், இரண்டாவதும் போனால் நர்ஸ் ஆசையை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அப்படி அழும்போதுதான் உன்னிடம் நான் சொன்னது நினைவுக்கு வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் கரிம வேதியியலில் தோற்று, டாக்டர் படிப்பே வேண்டாம் என்று நீ போன் செய்தாய். உக்காந்து படிச்சா வராதா, நீ உக்காரவே இல்ல என்றேன். அதன் பிறகு நீ ஒரு கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. செப்டம்பரில் மறுபடி சேர்ந்தபோது உன் அலமாரியிலிருந்து பழைய அட்டைகளை எடுத்தேன், ஒரு பக்கம் எலும்பின் படம், மறுபக்கம் பெயர். தப்பாகச் சொன்ன ஒவ்வொரு தடவைக்கும் மூலையில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறாய். மணிக்கட்டின் எட்டுக் குட்டி எலும்புகளில் ஒன்றுக்கு மட்டும் அறுபத்து மூன்று கோடு. அடியில் இருந்த வேதியியல் அட்டைகளில் கோடு போட இடமில்லாமல் பின்பக்கமும் போயிருக்கிறது. நீ உட்காரவில்லை என்று எந்த வாயால் சொன்னேன், பிரிட்டா? என்னை மன்னித்துவிடு. தெரியாமல் சொன்னேன் என்றால் அது சாக்கு. கேட்காமல் சொன்னேன், அதுதான் உண்மை.

உன் அட்டைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, உடுத்திவிடும்போதெல்லாம் முணுமுணுத்தே படித்தேன். எங்கள் இல்லத்தில் ஓர்வில் என்று ஒருவர், சுரங்கத்திலிருந்து இரும்புத்தாது ஏற்றிவரும் ரயில் ஓட்டியவர், வயது தொண்ணூற்றொன்று. கையைச் சட்டைக்குள் நுழைக்கும்போது, என்னம்மா, உசுரோட இருக்கும்போதே எலும்ப எண்ணுற, அவ்வளவு அவசரமா என்றார். போன வியாழக்கிழமை கடைசித் தேர்வு. முப்பத்தோராவது மேசையில் உன் அறுபத்து மூன்று கோட்டு எலும்பு. பார்த்ததும் சிரித்துவிட்டேன், ஆசிரியர் முறைத்தார். நாற்பதுக்கு முப்பத்து மூன்று எடுத்தேன். பாடம் தேறிவிட்டது, பிரிட்டா. அந்த எலும்புக்கு உழைத்தது நீ, மதிப்பெண் வாங்கியது நான்.

இந்த வருடமாவது வீட்டுக்கு வா. காட்டரிசி சூப் வைக்கிறேன், படிப்பைப் பற்றி வாயே திறக்க மாட்டேன். அதனால் இப்போதே ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ உடற்கூறியல் தேறி மூன்று வருடம்தான் ஆகிறது. அங்கேயும் ஏழு வருடக் கணக்கு என்றால் அதற்கு இன்னும் நாலு வருடம் உயிர் இருக்கிறது. திரும்பிப் படி என்று சொல்லவில்லை. தேதியை மட்டும் சொன்னேன்.

கடவுள் உன் கூடவே இருக்கட்டும். வரும்போது தடித்த பூட்ஸ் போட்டுக்கொண்டு வா, இங்கே பனி முழங்கால் வரை.

உன் அம்மா,
லோரீன்