பதினான்காவது கட்டம்

1974 பிப்ரவரி 5, செவ்வாய்

காலையில் பனி. செருப்பு வார் அறுந்தது, தைக்கக் கொடுக்க வேண்டும். அடுத்த வாரம் கணக்குப் பரீட்சை. புத்தகத்தைத் தொடவில்லை.

வகுப்பில் நாங்கள் மூன்று பேர், நான், சேகர், தாஸ், ஒரு கொலைப் படம் எடுக்கப் போகிறோம். சேகரின் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த சின்ன சினிமா காமிரா. ஒரே ரோல், மூன்று நிமிஷம் ஓடும். திரும்ப எடுக்க வழியில்லை. அதனால் ஒவ்வொரு காட்சியையும் முதலிலேயே கட்டம் கட்டி வரைந்துவிட வேண்டும். "யாருடா வரையிறது?" என்றான் சேகர். நான் கையைத் தூக்கிவிட்டேன். எனக்கு ஒரு பூனைகூட வரைய வராது.

அக்காவுக்கு வரும்.

பிப். 7, வியாழன்

அக்கா வரைகிறாள், தையல் வகுப்பு நோட்டின் பின்பக்கத்தில். நான் சொல்லச் சொல்ல:

1 - கரையில் ஒருவன், கடலைப் பார்த்தபடி (நான்).
5 - மணலில் காலடித் தடம்.
9 - கத்தி. கை மட்டும் (தாஸ்).
14 - மாலை. சூரியன் கடலில் இறங்குகிறது. அதன்முன் கொலைகாரன், கறுப்பாக.

பதினாலில் பென்சில் நின்றது. "நம்ம கடல் கிழக்கால தானடா இருக்கு? சாயங்காலம் சூரியன் எப்படி அங்க போகும்?"

"கடலையே பாக்காதவ நீ. சொன்னதைப் போடு."

போட்டாள். பள்ளியில் மகாபலிபுரம் கூட்டிப் போன வருஷம் அவளுக்கு அம்மை. அப்புறம் யாரும் கூட்டிப் போகவில்லை. "இந்தத் தடவை நானும் வரட்டுமாடா?"

பார்க்கலாம் என்றேன்.

பிப். 10, ஞாயிறு

இடம் பார்க்க மகாபலிபுரம். மண்டையைப் பிளக்கும் வெயில். அக்கா வரவில்லை. "பசங்களோட நீ எதுக்கு?" என்று அம்மா சொல்வாள் எனத் தெரியும். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

படங்களை நான் வரைந்ததாகவே நினைத்து சேகர் வாயைப் பிளந்தான். ஒரு மணி நேரம் ராஜா மாதிரி நடந்தேன். தாஸ் அங்கேயே குப்பத்துப் பையன், அவன் அப்பா கடலுக்குப் போகிறவர். பதினாலைப் பார்த்ததும் சிரித்துச் சிரித்து மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"இன்னா மச்சான், சூரியன கடல்ல முக்கி வெச்சிகீற? எங்கூட்டாண்ட அது கடல்லேர்ந்துதான் மொளைக்கும். சாயங்காலம் பின்னால பனங்காட்டுல பூடும்."

இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள்.

"அது ஒண்ணு மட்டும் எங்க அக்கா வரைஞ்சதுடா. ஆசைப்பட்டா, குடுத்தேன்."

அப்போது நாக்கு கூசவில்லை. திரும்பும் பஸ்ஸில், திருக்கழுக்குன்றம் தாண்டியபோதுதான் கூசியது.

பிப். 12, செவ்வாய்

கணக்கு, நாசம்.

சாயங்காலம் தாஸ் வீட்டுக்கு வந்தான், கருவாட்டுப் பொட்டலத்தோடு. வந்ததும் வராததுமாக, "யக்கா, சூரியன கடல்ல முக்குனது நீங்கதானா?"

அக்கா என்னைப் பார்த்தாள். ஒரு வினாடிதான். "ஆமாம்பா. கடல் பாத்ததில்ல, தெரியாம போட்டுட்டேன்."

அவனுக்குக் காப்பி கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள், எப்போதும்போல் சர்க்கரை தூக்கலாக. நாலு அறை அறைந்திருந்தால் தேவலை.

பிப். 14, வியாழன்

மேஜைமேல் புதிய பதினாலு. அக்கா தையல் வகுப்புக்குப் போய்விட்டாள்.

படத்தில் சூரியனே இல்லை. கடலைப் பார்த்து நான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பின்னாலிருந்து ஒரு நீள நிழல், கையில் கத்தியோடு, என்னைத் தாண்டி அலைவரை. ஆள் இன்னும் வரவில்லை, நிழல்தான் வந்திருக்கிறது. மாலை வெயில் முதுகுப் பக்கம் என்றால் அப்படித்தானே விழும்!

கடலைப் பார்க்காதவள். நான் எத்தனை தடவை பார்த்தவன். வெட்கமாக இருக்கிறது. அவளிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

பிப். 16, சனி

மேகமூட்டம். நாளை படப்பிடிப்பு. தைக்கக் கொடுத்த செருப்பை வாங்கியாயிற்று.

டீக்கடையில் நோட்டைக் காட்டினேன். சேகர் எழுந்தே நின்றுவிட்டான். "படமே இதுதான்டா! இனிமே நீதான் டைரக்டர்."

சொல்லிவிட்டேன். "நான் இல்லடா. எங்க அக்கா. எல்லாப் படமும் அவதான் வரைஞ்சா."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "சூரியன கடல்ல முக்குனவங்களா இத்த வரைஞ்சாங்க?" தாஸ் என் முதுகில் ஓங்கித் தட்டினான். "இன்னாத்துக்கு மச்சான் இந்த அடக்கம்?"

டீ வந்தது. குடித்தேன்.

ஒரு தடவைதான் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லவில்லை.