கன்னிமூலைத் தொட்டியின் நிழல்

அன்புள்ள அம்மாவுக்கு,

மெர்லின் எழுதுவது. நான் நலம். உங்கள் முட்டுவலி குறைந்ததா?

காந்திபுரத்து அடுக்குமாடியில் எங்கள் கம்பெனியிலிருந்து சோலார் பேனல் போடுகிறோம் என்றேனே, போட்டுவிட்டோம். ஒவ்வொரு வீடாகக் கெஞ்சியதில் என் செருப்பே தேய்ந்துவிட்டது. நெருக்கமான தெரு, தாராளமாக வெயில் விழுவது மொட்டைமாடியில் மட்டும்தான். போன வாரம் போய்ப் பார்த்தால், தென்மேற்கு மூலையில் புதிதாக உயரமான தண்ணீர்த் தொட்டி! மதியத்துக்கு மேல் பேனல் முழுக்க அதன் நிழல்.

சங்கத் தலைவர் சென்னிமலையிடம் கத்தினேன். "வாஸ்துப்படி கன்னிமூலைதானுங்க ஒசரமா இருக்கோணும். வேணும்னா பேனலை நகத்திப்போடுங்க அம்மணி" என்கிறார். எங்கே நகர்த்த, பக்கத்து வீட்டு மாடிக்கா? இந்தப் பேனலைப் பார்த்துவிட்டுத் தாங்களும் போடுவதாகச் சொன்ன தெருக்காரர்கள் இனி போடுவார்களா?

"மொதல்ல சாப்புடுங்க கண்ணு" என்று அவர் மனைவி பூவாத்தாள், தொட்டிக்குப் பூஜை போட்ட சாப்பாட்டுக்கு என்னையும் உட்கார வைத்துவிட்டார்.

கவலைப்படாதீர்கள், வேலைக்கு ஆபத்தில்லை. யாராவது இந்தப் பக்கம் வந்தால் கருவாடும் என் பழைய போர்வையும் கொடுத்தனுப்புங்கள். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது.

கோபத்தோடுதான் சாப்பிட்டேன் அம்மா. ஆனாலும் மறுசோறு கேட்டு வாங்கினேன். இந்த ஊருக்கு வந்தபின் எனக்கு ஒருவர் பரிமாறியது அன்றைக்குத்தான்.

உங்கள் மகள்,
மெர்லின்