ஏரி தாங்கும் என்று சொன்னவள்

ஏப்ரல் 20, வெள்ளி

செவ்வாய்க்கிழமை எனக்கு ஔலு நகரில் சபைக் கூட்டம். அன்று காலை ஒன்பது மணிக்குப் பள்ளி ஒலிபெருக்கியில் நான் பேச வேண்டிய மூன்று நிமிடத்தை இன்றே பதிவு செய்து கொடுத்துவிட்டேன். விசுவாசம் பற்றி. "குளிர்காலம் முழுக்க உறைஞ்ச ஏரி நம்மைத் தாங்கிச்சு இல்லையா? ஆண்டவர் அதைவிட உறுதி. பயப்படாம காலை வைங்க, பிள்ளைங்களா!" நன்றாக வந்திருக்கிறது. போதகராகப் பதினெட்டு வருடம் பேசியும் இந்த அற்பப் பெருமை என்னை விட்டுப் போகவில்லை.

ஏப்ரல் 24, செவ்வாய்

ஹில்லா போய்விட்டாள். ஆறாம் வகுப்பு. பன்னிரண்டு வயது. நேற்று மாலை, உறைந்த ஏரியின் மேல் குறுக்கே வீட்டுக்கு நடந்திருக்கிறாள். வசந்த வெயிலில் இளகியிருந்த பனிக்கட்டி உடைந்துவிட்டது.

அதோடு முடியவில்லை. இன்று காலை மெர்வி டீச்சர் அவள் மேசையில் படத்தை வைத்து மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறார். பிள்ளைகள் அழுதுகொண்டிருக்கும்போதே ஒன்பது மணி. அலுவலகத்தில் வழக்கம்போல என் பதிவைப் போட்டுவிட்டார்கள். பயப்படாம காலை வைங்க.

தலைமையாசிரியர் வேசா பத்து மணிக்குத்தான் போனில் கூப்பிட்டார். "எங்க யாருக்குமே அது ஞாபகம் வரல, ஹெல்வி." பிள்ளைகள் என் குரலைக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நான் ஔலுவில் காபியும் பன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஆண்டவரே, உமக்குத் தெரியும்ல? வெள்ளிக்கிழமையே தெரியும்ல? என் வாயை அடைச்சிருக்கலாமே!

ஏப்ரல் 25

ஜெபிக்க முடியவில்லை.

ஏப்ரல் 26, வியாழன்

வேசா: "பெத்தவங்க போன் மேல போன் பண்றாங்க. கொஞ்ச நாள் நீங்க பேச வேண்டாம்." சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

ஏப்ரல் 28, சனி

ஹில்லாவின் அம்மா ரைலியைப் பார்க்கப் போனேன். வாசல்வரை போய் இரண்டு முறை திரும்பினேன். மூன்றாம் முறை அவளே கதவைத் திறந்துவிட்டாள். காபி ஊற்றினாள். நான் வாயைத் திறக்கும் முன்பே சொன்னாள்: "மன்னிப்பு மட்டும் கேட்காதீங்க. நீங்க அழுவீங்க, நான் உங்களைத் தேத்தணும். என்னால ஆகாது."

குடித்துவிட்டு எழுந்தபோது அவள் சொன்னாள்: "அடக்கத்தன்னிக்கு பள்ளிக்கூடத்துப் பூவை நீங்கதான் பெட்டிமேல வைக்கணும். பூவோட வர்ற அட்டையில இருக்கிறதை நீங்களே சத்தமா வாசிக்கணும். அந்தக் குரல்லயே."

தண்டனையா இது? கேட்கத் துணிவில்லை. ஒத்துக்கொண்டேன்.

மே 1

மே தினம். வசந்தக் கொண்டாட்டம், ஊரெல்லாம் பலூன். திரைச்சீலையை இழுத்து விட்டுக்கொண்டேன்.

மே 5, சனி

இன்று அடக்கம். கோயில் நிறைய ஜனம். பூவை வைத்தேன். பெட்டி அத்தனை சின்னது. அட்டையில் பிள்ளைகள் எழுதியிருந்தது: "ஹில்லா, உன் நாற்காலியை யாருக்கும் கொடுக்க மாட்டோம்." ஹில்லா என்ற பெயரைத் தாண்டி வாசிக்க முடியவில்லை. முதுகுக்குப் பின்னால் ஊரே காத்திருந்தது. ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

முன்வரிசையிலிருந்து ரைலி எழுந்து வந்து என் முழங்கையைப் பிடித்தாள். "வாசிங்க ஹெல்வி. அவளுக்குக் கேட்கணும்." வாசித்தேன். கடைசி வார்த்தைவரை அவள் கையை எடுக்கவில்லை.

மே 7, திங்கள்

வேசா கூப்பிட்டார். ரைலி பள்ளிக்கு வந்திருந்தாளாம். "பிள்ளைங்ககிட்ட யாராவது பேசணும்னா அது ஹெல்விதான்னு சொல்லிட்டுப் போறா. நாளைக்கு வர்றீங்களா?"

விசுவாசம் இருக்கிறதா என்று என்னையே கேட்டேன். வேசாவிடம் வருகிறேன் என்றேன்.

மே 8, செவ்வாய்

பதிவு எதுவும் செய்யவில்லை. எழுதியும் எடுத்துப் போகவில்லை. ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வேசாவிடம் கேட்டேன்: "எல்லாப் பிள்ளைங்களும் வந்தாச்சா?"

அவர் ஒவ்வொரு வகுப்பாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஹில்லாவைத் தவிர எல்லாரும் வந்தாச்சு."

ஒலிவாங்கியைத் திறந்தேன்.